ஒரு ரூபாய்க்கு ஒரு டாலரா?

"1947-ல் ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமம்" என்று சொல்லும் படம் ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். ஈமெயில் ஃபார்வர்டு காலத்தில் கிளம்பியது, இப்போது ஒவ்வொரு ஆகஸ்டிலும் சுதந்திர தின வாழ்த்தோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை அப்படியே பவர்பாயிண்டில் ஒட்டி ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள். ஆசிரியரும் டிக் அடித்துவிடுகிறார். தகவல் தவறு. அதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். எக்ஸெல்லில் மூன்று செல் போதும்.

அன்றைய ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என்று 1927-லேயே சட்டமாகியிருந்தது. பவுண்டுக்கு 240 பென்ஸ். 240-ஐ 18-ஆல் வகுத்தால், ஒரு பவுண்டுக்கு 13.33 ரூபாய். 1947-ல் ஒரு பவுண்டு 4.03 டாலர். 13.33-ஐ 4.03-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு டாலர் சுமார் 3.31 ரூபாய் வருகிறது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலருக்கு இறக்கியது, ரூபாயும் கூடவே இறங்கியது. அதே செல்லில் 4.03-க்குப் பதில் 2.80 போட்டால் 4.76. இந்த 4.76 அடுத்த பதினாறு வருடங்களுக்கு மேல் அசையவில்லை.

படத்தை ஃபார்வர்டு செய்பவரை விட்டுவிடலாம். புள்ளிவிவரத் தளங்களில் இருந்து டவுன்லோட் செய்பவர்களும் ஏமாறுகிறார்கள் என்பதுதான் என் கவலை. 1966-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 6-ஆம் தேதி இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் 4.76-ல் இருந்து ஒரே தாவலில் 7.50 ஆனது. ஆனால் வருடத்துக்கு ஒரு எண் தரும் அட்டவணையில் 1966-க்கு நேராக 6.36 என்று இருக்கும். அது ஆண்டு சராசரி. அந்த வருடத்தின் 365 நாட்களில் ஒரு நாள்கூட டாலர் அதிகாரபூர்வமாக 6.36 ரூபாய்க்கு விற்கவில்லை! மே மாதம் வந்த பணத்தையும் ஜூலையில் வந்த பணத்தையும் இந்த எண்ணால் பெருக்கினால் இரண்டுமே தப்பு. தினசரி எண் கிடைக்கும்போது ஆண்டு சராசரியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

இதே 1966 பற்றி இன்னொரு குழப்பம். ஒரு புத்தகம் "36.5 சதவீதம் மதிப்புக் குறைப்பு" என்கும், இன்னொன்று "டாலர் விலை 57.5 சதவீதம் ஏறியது" என்கும். இரண்டும் சரி. ரூபாயின் பக்கம் நின்று டாலர் கணக்கில் பார்த்தால் 36.5, டாலரின் பக்கம் நின்று ரூபாய் கணக்கில் பார்த்தால் 57.5. எந்தப் பக்கம் என்று எழுதாத சதவீதத்தை நான் நம்புவதில்லை.

தினசரி எண்கள் எங்கே கிடைக்கும்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃப்ரெட் தளத்தில் ரூபாய்-டாலர் விகிதம் 1973 ஜனவரியில் இருந்து நாள்வாரியாக இருக்கிறது. இலவசம். விடுமுறை நாட்கள் மட்டும் காலியாக இருக்கும். அவற்றைப் பூஜ்ஜியம் என்று நிரப்பிவிட்டால் கிராஃபில் டாலர் அடிக்கடி தரையில் விழுந்து எழும்! நம் ரிசர்வ் வங்கியும் ரெஃபரன்ஸ் ரேட் வெளியிட்டு வந்தது. 2018 ஜூலையில் இருந்து அந்த வேலையை ஃபைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் செய்கிறது.

எக்ஸெல்லில் திறக்கும்போது தேதியைக் கவனியுங்கள். 1991-ல் ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு தவணையாக ரூபாய் குறைக்கப்பட்டது. நீங்கள் 01/07/1991, 03/07/1991 என்று டைப் செய்து, விண்டோஸில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், அவை ஜனவரி 7, மார்ச் 7 ஆகிவிடும். நரசிம்மராவ், மன்மோகன் சிங் செய்தது சந்திரசேகர் ஆட்சிக் கணக்கில் ஏறிவிடும். கண்ட்ரோல் பேனலில் ரீஜியனை இந்தியா என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இதெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. எங்கள் தெருவில் ஒரு தம்பி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வெப் டிசைன் செய்து டாலரில் சம்பாதிக்கிறான். கூகுள் ஷீட்ஸில் கூகுள்ஃபைனான்ஸ் ஃபங்ஷன் போட்டு வரவு எழுதிவந்தான். ஃபார்முலாவில் தேதி கொடுக்கவில்லை. தேதி கொடுக்காவிட்டால் அது எப்போதும் இன்றைய ரேட்டைத்தான் தரும். விளைவு, போன வருட வருமானம் தினமும் மாறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பார்த்த மொத்தம் வெள்ளிக்கிழமை இல்லை. ஆடிட்டர் கேட்டபோது எந்த எண்ணைக் கொடுப்பது? கடைசியில் பாங்க் ஸ்டேட்மெண்ட்டை வைத்து ஒவ்வொரு வரியையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இரண்டு ஞாயிறு போனது.

ஃபார்முலாவில் தேதியைக் கொடுத்தாலும், வந்த எண்ணை காப்பி செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுத்து உறைய வைத்துவிடுங்கள். அடுத்து இரண்டு காலம் சேருங்கள். ஒன்றில் தேதி, இன்னொன்றில் எந்த இடத்து ரேட் என்பது. இரண்டாவதுதான் முக்கியம் என்பேன். இணையத்தில் காட்டும் ரேட் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. அந்த ரேட்டில் எந்த வங்கியும் வீட்டுக்காரர் டாலரை வாங்காது. வங்கியின் பையிங் ரேட் அதைவிடக் குறைவு. வரிக்கு எந்தத் தேதியின் எந்த ரேட் என்பதற்குத் தனி விதி உண்டு, அதை ஆடிட்டரிடம் கேட்டு அதற்கென்று மூன்றாவதாக ஒரு காலம் வைத்துக்கொள்ளலாம். வங்கித் தளத்தில் அன்றன்றைய ரேட் ஷீட் பிடிஎஃப் ஆகக் கிடைத்தால் பணம் வந்த அன்றே சேவ் செய்து, ஃபைல் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போடுங்கள். ஃபோல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.