தாள் மாற்றிய கைகள்

1848ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் டார்ஜிலிங்கிலிருந்து கிழக்கு நேபாள மலைகளை நோக்கி ஒரு பயணக்குழு புறப்பட்டது. அதில் 56 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவரை மட்டும் உலகம் நன்கறியும். அவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். பிற்காலத்தில் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக விளங்கியவர். இந்தியத் தாவரங்களை ஏழு தொகுதிகளில் விவரித்த பெருநூலுக்குத் தலைமை தாங்கியவர். ஏனையோர் எவர்?

விடையின் ஒரு பகுதியை ஹூக்கரே தம் பயணநூலில் எழுதி வைத்துள்ளார். செடிகளை உலர்த்தும் தாள்களையும் பிற ஆய்வுப் பொருள்களையும் சுமக்க மட்டும் எழுவர். மரமேறுவதற்கும் தாள்களை மாற்றுவதற்கும் லெப்சா இனச் சிறுவர் மூவர். தாவரம் சேகரிப்போருக்குத் தலைவராக ஒரு லெப்சா. உணவுச் சுமையோடு பூட்டான் நாட்டுக் கூலியாள்கள் பதினால்வர். கணக்கு துல்லியமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் அந்தத் தலைவரின் பெயர் இல்லை; அச்சிறுவர்களின் பெயர்களும் இல்லை.

'தாள் மாற்றுவது' எளிய பணியன்று. பறித்த செடியை இலையும் மலரும் மடங்காதவாறு உறிஞ்சுதாள்களுக்கிடையே விரித்துப் பலகையிட்டு இறுக்க வேண்டும். செடியின் ஈரம் தாளில் ஏறும். ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வைக்க வேண்டும். எடுத்ததை வெயிலிலோ நெருப்பருகிலோ காயவைத்து மறுநாளுக்கு ஆயத்தமாக்க வேண்டும். செடி முற்றிலும் உலரும்வரை இது நாள்தோறும் தொடரும். ஓயாத மழையும் அட்டைக்கடியும் நிறைந்த கிழக்கு இமயச் சரிவுகளில் இருநாள் அயர்ந்தால் போதும், பூஞ்சணம் படர்ந்து இலைகள் கறுத்துவிடும். மலையுச்சியில் பறித்ததும் பள்ளத்தாக்கில் பறித்ததும் அப்போது ஒன்றாகவே குப்பையாகும். அறிவியல் நூல்கள் கண்டுபிடிப்பின் கணத்தை வருணிக்கின்றன. கண்டதைக் கெடாமல் காத்த இரவுகளைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். சிக்கிம் இமயத்தின் ரோடோடென்ட்ரான்களைப் பற்றிய ஹூக்கரின் வண்ணப்பட நூல் 1849 முதல் 1851 வரை வெளிவந்தது. அதில் ஓர் இனத்திற்கு ஆளுநர் தலைமையரான டல்ஹௌசி பிரபுவின் மனைவி பெயர். மற்றொன்றிற்கு டார்ஜிலிங் அதிகாரி கேம்பலின் மனைவி பெயர். ஹாட்ஜ்சன், தாம்சன், ஃபால்கனர் ஆகிய நண்பர்களுக்கும் ஒவ்வொன்று. இவற்றுள் டல்ஹௌசி சீமாட்டியின் பெயர் தாங்கிய செடி பெரும்பாலும் உயர்ந்த மரங்களின் கிளைகளில் தொற்றி வளர்வது. லில்லியை ஒத்த பெரிய வெண்மலர்களை அங்கேதான் விரிக்கும். அத்தகைய செடியைக் கீழே கொணர யாரேனும் மரமேறியாக வேண்டும். மரமேறுவதற்கென்றே ஹூக்கரிடம் பணியாற்றியவர்கள் யார் என்பதை மேலே கண்டோம்.

ஹூக்கர் நன்றியற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. லெப்சாக்களின் காட்டறிவை அவர் வியந்து எழுதியிருக்கிறார். பின்னாளில் உடன்வந்த மீப்போ என்னும் லெப்சா வழித்துணைவர் அவர் நூலில் பெயரோடும் அன்போடும் இடம்பெறுகிறார். அரசின் பணமும் அதிகாரிகளின் ஆதரவும் இன்றி அப்பயணமே நடந்திராது என்பதும் உண்மை. எனினும் நன்றிக்கு இரு கணக்கேடுகள் இருந்தன என்பதை மறைக்க இயலாது. ஒன்று பயணக்கதை, அதில் மலைமக்களுக்கு இடமுண்டு. மற்றொன்று அறிவியற்பெயர், அது ஆளுநர் மாளிகையையும் நண்பர் குழாத்தையும் தாண்டி மலைமக்களை எட்டவில்லை.

அப்படியானால் பெயர்களை மாற்றிவிடலாமா? மாற்றலாம் என்போர் உண்டு. 2024இல் மாட்ரிட் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் பேராயம், ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லை அடியாகக் கொண்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைத் திருத்த முடிவு செய்தது. வசைச்சொல்லை நீக்கியது நேர்மையான செயல். ஆனால் சீமாட்டியின் பெயர் வசை அன்று. அதை அழித்தால், யார் விடுபட்டார் என்பதற்கான சான்றையும் சேர்த்தே அழித்துவிடுவோம் எனக் கருதுகிறேன்.

நான் கேட்பது வேறொன்று. உலர்தாவரத் தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குறிப்புச்சீட்டு ஒட்டப்படும். இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். வழிகாட்டியவர், மரமேறியவர் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். இது வெறும் மரியாதை அன்று. எந்தச் சரிவில் எந்தத் திங்களில் அச்செடி பூக்கும், அதன் வேர் எதற்கு உதவும் என்பதை அறிந்தவர் அவரே. அவர் பெயர் இல்லாத சீட்டு அரைகுறைச் சான்று. இன்றும் ஆய்வுக்குழுக்கள் உள்ளூர்த் துணையோடுதான் மலையேறுகின்றன. கட்டுரையின் கடைசி வரியில் 'ஊர்மக்களுக்கு நன்றி' என்று முடித்துக்கொள்கின்றன. பாடநூல் எழுதும் எங்களைப் போன்றோரும் ஹூக்கர் சேகரித்தார் என்ற ஒருமை வினைமுற்றோடு நின்றுவிடுகிறோம்.

இது நடவாத காரியமும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்கிமில் சேகரிக்கப்பட்ட தாவரத் தாள்களில் ரிபு, ரோமு என்னும் லெப்சாக்களின் பெயர்கள் சேகரித்தவர் என்ற இடத்திலேயே எழுதப்பட்டுள்ளன. 1848இல் சென்ற தலைமைச் சேகரிப்பாளரைப் பற்றிப் பட்டியல் சொல்வது ஒன்றுதான்: அவருடைய மூட்டையைச் சுமக்க ஓர் ஆள் ஒதுக்கப்பட்டிருந்தார்.