தாயைத் தேடி வருவோருக்குக் கதவு திறக்கட்டும்

நிலாவெளிக் கடலையும் கோணேசர் மலையையும் காண ஆண்டுதோறும் ஐரோப்பியர் பலர் திருகோணமலைக்கு வருகின்றனர். இலங்கைக்கு வரும் ஐரோப்பியருள் வேறொரு வகையினரும் உளர். தோற்றத்தில் அவர்கள் நம்மவர். பேசுவதோ டச்சு, ஜேர்மன், சுவீடிஷ் மொழிகள். அவர்கள் கையில் இருப்பது சுற்றுலா வழிகாட்டி நூலன்று. நாற்பது ஆண்டுப் பழைமையான பிறப்புச் சான்றிதழின் பிரதி. அதில் எழுதப்பட்டுள்ள தாயின் பெயரைத் தேடியே அவர்கள் வந்திருக்கின்றனர்.

கடந்த நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் மகவேற்பு, அதாவது தத்தெடுப்பு, என்ற பெயரில் ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் பலருக்கு அன்பான குடும்பங்களும் நல்ல கல்வியும் வாய்த்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வறுமையிலிருந்து குழந்தையைக் காக்கும் அறப்பணி என்று தொடங்கியது, காலப்போக்கில் பணம் புரளும் வணிகமாக மாறியது. கருவுற்ற ஏழைப் பெண்களைத் தங்க வைத்துப் பிள்ளை பிறந்ததும் கைமாற்றும் 'குழந்தைப் பண்ணைகள்' முளைத்தன. 1987இல் கொழும்புக்கு அண்மையில் பொலிஸார் நடத்திய சோதனையில் அத்தகைய இடமொன்று வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1992இல் சட்டம் திருத்தப்பட்டு, அரச இல்லங்களிலும் பதிவு பெற்ற இல்லங்களிலும் உள்ள குழந்தைகளை மட்டுமே வெளிநாட்டவர் ஏற்க முடியும் என்று வரையறுக்கப்பட்டது.

கதவு அடைக்கப்பட்டது; ஆனால் அதற்கு முன் வெளியே போனவர்களின் கணக்கு தீரவில்லை. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இம்மோசடிகளை அம்பலப்படுத்தியபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் கண்டறிய மரபணு வங்கி அமைக்கப்படும் என்றும் கூறினார். அந்நிகழ்ச்சி வெளிப்படுத்திய செய்திகளுள் மிகக் கொடியது, 'நடிப்புத் தாய்' என்ற ஏற்பாடாகும். குழந்தையைப் பெற்றவர் ஒருவர். பணம் வாங்கிக்கொண்டு தாயாக நடித்து, வெளிநாட்டுத் தம்பதியிடம் குழந்தையை ஒப்படைத்தவர் வேறொருவர். ஆகவே, சான்றிதழில் உள்ள பெயரை நம்பி ஊர் ஊராக அலைந்து ஒரு மூதாட்டியைக் கண்டுபிடித்தாலும், அவர் உண்மைத் தாய்தானா என்ற ஐயம் நீங்குவதில்லை.

இதுவரை வெளிவந்த செய்திகளுள் பெரும்பாலானவை கொழும்பையும் தென்மேற்குப் பகுதிகளையும் சார்ந்தவை. ஆயினும் தேடல் கிழக்கை எட்டும்போது இன்னொரு தடை எழுகிறது. இங்கே முகவரி என்பதே நிலையற்றது. திருகோணமலை மாவட்டத்தில் 1985ஆம் ஆண்டின் வன்செயல்களாலும் 1990இல் மீண்டும் மூண்ட போரினாலும் கிராமங்கள் வெறுமையாயின. மக்களுள் ஒரு பகுதியினர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. 2006இல் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் தம் நிலத்துக்குத் திரும்பத் தொடங்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. எண்பதுகளில் எழுதப்பட்ட ஒரு முகவரியை வைத்துக்கொண்டு இம்மாவட்டத்தில் ஒரு பெண்ணைத் தேடுபவர், எந்தக் கிராம அலுவலரிடம் போய் விசாரிப்பார்?

இதே கிழக்கில்தான் நல்லதொரு முன்மாதிரியும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட 81ஆவது இலக்கக் குழந்தைக்குப் பலர் உரிமை கோருவதாக உலகெங்கும் செய்தி பரவியது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில், அதாவது ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குள், உண்மையான பெற்றோர் யாரென்று உறுதியாயிற்று. பேரழிவில் பெற்றோரை இழந்த குழந்தைகளை மகவேற்பதற்கும் அப்போது அரசு தடை விதித்தது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதை அரசு இயந்திரமே அன்று மெய்ப்பித்தது. ஒரு குழந்தைக்கு ஏழு வாரங்களில் கிடைத்த விடை, ஆயிரக்கணக்கானோருக்கு நாற்பது ஆண்டுகளாகியும் கிடைக்காதிருப்பது ஏன்?

குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட நாடுகள் தம் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. இலங்கைக் குழந்தைகளின் மகவேற்பில் நேர்ந்த முறைகேடுகளுக்காக சுவிற்சர்லாந்து அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது. முறைகேடுகளை அறிந்திருந்தும் நெதர்லாந்து அரசு தலையிடவில்லை என்று அந்நாட்டு விசாரணைக் குழு 2021 பெப்ரவரியில் அறிக்கையிட்டது; அரசு மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டு மகவேற்பை நிறுத்தி வைத்தது. சுவீடனின் விசாரணை ஆணைக்குழுவும் 2025இல் அதனை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் தேடுபவருக்கு வேண்டிய உண்மையின் பாதி அங்குள்ள கோப்புகளில் இருந்தாலும், மறுபாதி இங்குள்ள நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் பிறப்புப் பதிவேடுகளிலும் உறங்குகிறது.

அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையாவது உண்டா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரசைகளுக்கே உரியது. குழந்தையாக விமானமேற்றப்பட்டு, வேறொரு நாட்டின் குடியுரிமையுடன் வளர்ந்தவர் அச்சட்டத்தின்படி அந்நியர். தம் விருப்பமின்றி இழந்த குடியுரிமையே, தம் பிறப்பைப் பற்றிக் கேட்கவும் தடையாகிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், இயன்றவரை தம் பெற்றோரை அறியும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டென்கிறது. வளர்ந்து பெரியவரானதும் அத்தேவை மறைந்துவிடுவதில்லை.

இங்கே இன்னொரு நியாயத்தையும் மறக்கலாகாது. அது தாயின் நியாயம். மணமாகாமலோ கைவிடப்பட்டோ பிள்ளை பெற்று, ஊர்ப்பழிக்கு அஞ்சி மறைத்து, பின்னர் வேறொரு குடும்பத்தில் வாழ்பவர் அவராயிருக்கலாம். அயலவரெல்லாம் பார்த்திருக்க, வாகனத்தில் வந்திறங்கும் வெளிநாட்டவரும் படப்பிடிப்புக் கருவியும் அவரது எஞ்சிய வாழ்வையே குலைத்துவிடலாம். பிள்ளை இறந்துவிட்டதென்று சொல்லப்பட்டு, அதை நம்பி அழுது ஓய்ந்த தாயாகவும் அவர் இருக்கலாம். முதலாமவருக்கு வேண்டியது மறைவு. இரண்டாமவருக்கு வேண்டியது உண்மை. இவ்விருவரையும் பிரித்தறிந்து, பக்குவமாகப் பேசி, சம்மதம் பெறும் பொறுப்பைக் கட்டணம் வாங்கித் தேடித்தரும் தனியாரிடம் விடலாமா? அன்று இடைத்தரகர் வழியே பிரிக்கப்பட்டவர்களை இன்றும் இடைத்தரகர் வழியேதான் சேர்க்கவேண்டும் என்றால், அரசு எதற்கு?

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு என்பது மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட துறை. கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையிடம் திருகோணமலையே. எனவே இப்பணிக்கான தனிப் பிரிவொன்றை இங்கே அமைப்பது கடினமன்று. தமிழிலும் சிங்களத்திலும் பணியாற்றக்கூடிய அலுவலர்கள் அதில் இருக்கவேண்டும். நீதிமன்ற மகவேற்புக் கோப்புகளும் வைத்தியசாலைப் பதிவுகளும் மேலும் சிதையுமுன் பாதுகாக்கப்படவேண்டும். இங்கு பிறந்து அனுப்பப்பட்டோருக்குத் தம் கோப்பைப் பார்க்கும் உரிமை சட்டத்தால் வழங்கப்படவேண்டும். தாயின் சம்மதமின்றி அவரது முகவரி எவருக்கும் கொடுக்கப்படலாகாது. தாமாக முன்வரும் தாய்மாருக்கு மரபணுப் பரிசோதனை இலவசமாகவும் மறைவாகவும் நடைபெறவேண்டும். 2017இல் சொல்லப்பட்ட மரபணு வங்கி, நம்பத்தக்க முறையில் மக்களை எட்டவேண்டும்.

காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்கு விடை கேட்டு 2017 முதல் வீதியில் நின்ற தாய்மாரைத் திருகோணமலை அறியும். பிள்ளையைத் தேடும் தாயும் தாயைத் தேடும் பிள்ளையும் அரசிடம் வேண்டுவது ஒன்றே: என்ன நடந்தது என்ற உண்மை. எண்பதுகளில் இருபது வயதிலிருந்த தாய்க்கு இன்று அறுபது கடந்துவிட்டது. இன்னும் பத்தாண்டு கழித்துக் கோப்புகளைத் திறந்தால் பெயர்கள் கிடைக்கலாம்; அப்பெயர்களுக்குரியவர்கள் இருக்கமாட்டார்கள். அரசு இப்போதே செயலில் இறங்கவேண்டும்.