ரேட்டிங் ஏறவில்லை என்று செஸ்ஸை விட்டுவிடாதீர்கள்

எமதூர்ப் பிள்ளைகள் பலர் இப்போது போனில் செஸ் ஆடுகிறார்கள். லிச்செஸ், செஸ்.காம் எல்லாம் வகுப்பில் பழகிய பெயர்கள். ஆசிரியர்களான நமக்கு இது சந்தோஷம்தான். ஆனால் ஆறேழு மாதத்தில் "சேர், ரேட்டிங் ஏறுதில்ல, விட்டுட்டன்" என்று வந்து நிற்கும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். "இவ்வளவு நேரம் போனைத் தட்டி என்னத்தக் கண்ட?" என்று வீட்டிலும் ஏச்சு.

முதலில் அந்த எண்ணை விளங்கிக்கொள்வோம். லிச்செஸில் புதிதாகச் சேருபவருக்குப் பொதுவாக 1500 கொடுப்பார்கள். ஆரம்பப் பிள்ளைக்கு அது சில நாட்களிலேயே 1000 வரைக்கும் இறங்கலாம். பயப்பட வேண்டாம், அவரது பலம் எவ்வளவு என்று அது அளந்து பார்க்கிறது. பிறகு தன் பலத்துக்குச் சமமானவர்களோடுதான் பெரும்பாலும் ஆட்டம் கிடைக்கும். ஆகவே வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகத்தான் வரும். பிள்ளை முன்னேறினால் எதிராளியும் பலமானவராக வருவார். மறுபடியும் அதே பாதி. 900இல் இருப்பவருக்கும் அப்படித்தான், 1900இல் இருப்பவருக்கும் அப்படித்தான். வெற்றிகளை எண்ணி முன்னேற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எப்படித் தோற்கிறார் என்பதில்தான் அது தெரியும். போன மாதம் குதிரையைச் சும்மா பறிகொடுத்துத் தோற்றவர், இந்த மாதம் கடைசிவரை இழுத்து ஒரு சிப்பாயால் தோற்றால், அவர் வளர்ந்திருக்கிறார்.

அடுத்தது ஆடும் பாணி. நம் பிள்ளைகளில் பலர் தொடங்கியவுடன் ராணியை வெளியே கொண்டுவந்து நாலு நகர்வில் செக்மேட் தேடுகிறார்கள். ஆரம்பத்தில் இது பலிக்கும். அதைத் தெரிந்த எதிராளி வந்ததும் கதை மாறும். அவர் குதிரையை வெளியே எடுத்தபடியே ராணியைத் துரத்துவார். நம் ராணி ஓட ஓட, அவரது காய்கள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கிவிடும். "நான் அட்டாக்கிங் பிளேயர்" என்று சொல்ல முன்னர், எல்லாக் காய்களையும் வெளியே எடுத்து, ராஜாவைப் பத்திரப்படுத்தப் பழக வேண்டும்.

ஆளுக்கு ஒரு நிமிட ஆட்டத்தையே நாளுக்கு முப்பது நாற்பது தடவை ஆடுவதும் பிரச்சினைதான். யோசிக்க நேரமில்லாதபோது, பழைய பிழையையே கை திரும்பத் திரும்பச் செய்யும்.

நாம் சொல்வது இவ்வளவுதான். பத்து நிமிட ஆட்டம் இரண்டு போதும். தோற்ற ஆட்டத்தைத் திருப்பிப் பார்த்து, எங்கே கைவிட்டோம் என்று முதலில் தானே தேட வேண்டும். அதன் பிறகு கணினியிடம் கேட்கலாம். லிச்செஸில் அதற்குக் காசு இல்லை. தினமும் ஐந்து புதிர். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய முடிவாட்டங்களையும் கொஞ்சம் பழகட்டும். ஆட்டம் நடக்கும்போதே கணினியிடம் நகர்வு கேட்பது களவு. பிடிபட்டால் கணக்கையே மூடிவிடவும் கூடும். பிடிபடாவிட்டாலும் அந்தப் பிள்ளை எதையும் படிக்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். போனைப் பறிக்க முன்னர், "இன்டைக்கு எத்தன வென்ட?" என்று கேட்காமல், "எதில தோத்த, காட்டு பாப்பம்" என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். உங்களுக்கு செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தன் பிழையைத் தன் வாயால் விளக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் இலகுவாகும்.