வண்டி யாரிடம் பேசுகிறது?

2019 மே மாதம் இந்தியா முழுக்க ஒரு கிண்டல் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? ஜேசிபி பள்ளம் தோண்டுவதை வேலை வெட்டி இல்லாமல் கூட்டம் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள், யூட்யூபிலும் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நின்று பார்த்தவர்களைப் பற்றி ஆயிரம் ஜோக். அந்த மஞ்சள் வண்டிக்குள் வெயிலில் வெந்துகொண்டு லீவரை ஆட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

அது நமக்குப் பழக்கம்தான். பேப்பரில் ‘பொக்லைன்’ என்று எழுதுகிறோம். அது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். சைட்டில் ‘ஹிட்டாச்சி’ என்கிறார்கள். அது ஜப்பான் கம்பெனி. ஜேசிபி இங்கிலாந்து கம்பெனி. மூன்று கம்பெனிகளின் பெயரையும் தமிழாகவே ஆக்கிவிட்டோம். ஓட்டுகிறவரை மட்டும் விபத்துச் செய்தியில் ‘டிரைவர் தலைமறைவு’ என்று எழுதும்போதுதான் ஞாபகம் வரும்.

இப்போது அந்த மனிதரின் கையில் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. உடனே, கனரக வாகன ஆபரேட்டர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயன்படும் ஆப்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். போடட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். யாருக்குப் பயன்?

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1990களின் கடைசியில் ஜப்பானில் திருடர்கள் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். சைட்டில் நிற்கும் எக்ஸ்கவேட்டரைத் திருடிக்கொண்டு போய், ஏ.டி.எம். இயந்திரத்தை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது. வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க கோமட்சு கம்பெனி அதற்குள் ஒரு கருவியை வைத்தது. அதன் பெயர் கோம்ட்ராக்ஸ். 2001 முதல் ஜப்பானில் வண்டியோடு சேர்த்தே கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லா பெரிய கம்பெனிகளிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. ஜேசிபியில் லைவ்லிங்க். வண்டி எங்கே நிற்கிறது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதெல்லாம் ஓனரின் போனுக்கு வந்துவிடும்.

திருடனைப் பிடிக்க வந்தது, இப்போது ஆபரேட்டரைப் பிடிக்கிறது. எந்த சைட்டிலும் நடக்கிற உரையாடல் இது:

‘‘ஏம்ப்பா, பத்தரையிலேர்ந்து வண்டி ஐடிலிங்லயே ஓடுதுன்னு காட்டுதே, என்ன பண்ணிட்டிருக்கே?’’

‘‘டிப்பர் வரலண்ணே.’’

‘‘வரலைன்னா ஆஃப் பண்ண வேண்டியதுதானே?’’

டிப்பர் ஏன் வரவில்லை என்று எந்த ஆப்பும் சொல்லாது. டிப்பர்காரருக்குப் பாக்கி வைத்திருப்பதால் வரவில்லை என்பது ஓனருக்கே தெரிந்திருக்கலாம்!

டீசல் திருட்டு நடக்கவில்லையா என்று ஓனர்கள் கேட்பார்கள். நடக்கிறது. கடன் வாங்கி, மாதா மாதம் தவணை கட்டி வண்டி ஓட்டுகிற சின்ன ஓனருக்கு அது வயிற்றெரிச்சல்தான். அவர் கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கணக்கு ஒரு பக்கம் மட்டும் இருப்பதுதான் பிரச்னை. காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி ராத்திரி ஒன்பதுக்கு நிறுத்தியதும் அதே கருவியில்தான் பதிவாகியிருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறதே, அதைக் கேட்க இதைவிட நல்ல சாட்சி உண்டா? அந்த சாட்சி ஓனர் போனில் பத்திரமாக இருக்கிறது. மாதக் கடைசியில் பேட்டா கணக்கு என்று வந்தால், ஆபரேட்டர் சட்டைப் பையில் இருக்கும் கிழிந்த நோட்டுத்தான் அவருக்குக் கதி. அவர் வேலை செய்த மணி நேரத்தை அவர் போனிலும் காட்டுவதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். மனசு வேண்டும், அவ்வளவுதான்.

சரி, மெக்கானிக் விஷயத்துக்கு வருவோம். அது இன்னும் மோசம்.

பழைய வண்டியில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்கள். 2021 ஏப்ரலில் சக்கரம் வைத்த கட்டுமான வண்டிகளுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. 2025 ஜனவரியில் அதற்கும் அடுத்த கட்டம். புகை குறைவது நல்லதுதான், நம் நுரையீரலுக்கும் ஆபரேட்டர் நுரையீரலுக்கும். ஆனால் அதற்காக எஞ்சினுக்குள் சென்சார்களும் ஒரு கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்துகொண்டன. இப்போது வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அது இருமுவதில்லை. டிஸ்ப்ளேயில் ஒரு நம்பர் காட்டுகிறது.

இந்த நம்பர்களுக்கு எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஒரு பொது இலக்கணம் இருக்கிறது. ஜே1939 என்று பெயர். முதல் எண் எந்த உறுப்பு என்பதைச் சொல்லும், அடுத்த எண் அதற்கு என்ன கோளாறு என்பதைச் சொல்லும். 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர். 100-க்குப் பக்கத்தில் 1 வந்தால், பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, இந்த நிமிஷமே எஞ்சினை நிறுத்து என்று அர்த்தம். அதே 100-க்குப் பக்கத்தில் 4 வந்தால், சென்சாரிலோ வயரிலோ கோளாறு. ஆயில் அனேகமாக நன்றாகவே இருக்கும். 97 வந்தால் டீசலில் தண்ணீர். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டால் பல சமயம் அதோடு வேலை முடிந்தது. ஐந்து நிமிஷம்.

ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஒன்றில் எஞ்சினே ஜாம் ஆகி லட்சக்கணக்கில் பழுத்துவிடும். இன்னொன்றில் ஒரு துண்டு வயர் போதும். இதை ஆபரேட்டருக்கு யார் சொன்னது? பல கம்பெனிகள் இந்தப் பொது நம்பரைக்கூடக் காட்டாமல் தங்களுக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்கின்றன. அர்த்தம் தெரிய வேண்டுமானால் கம்பெனி லேப்டாப் வர வேண்டும், அதோடு கம்பெனி ஆளும் வர வேண்டும். அவர் நாளைக்கு வருவார். வண்டி இன்றைக்கு நிற்கிறது. வாடகையும் நிற்கிறது, பேட்டாவும் நிற்கிறது.

நல்லதாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. கம்மின்ஸ் எஞ்சின் என்றால் அதன் சீரியல் நம்பரைப் போட்டு அந்த எஞ்சினுக்கான பாகங்களின் படத்தைப் பார்க்க குயிக்சர்வ் இருக்கிறது. ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் கோளாறு நம்பரைப் போனிலேயே படிக்க கைடன்ஸ் என்ற ஆப் இருக்கிறது. இரண்டும் உருப்படியானவை, இங்கிலீஷ் தெரிந்தவருக்கு. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2017-ல் சத்தத்தை அளக்க ஒரு ஆப்பை இலவசமாகவே கொடுத்தது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலைத் தாண்டினால் காது போகும் என்பது அவர்கள் கணக்கு. ராக் பிரேக்கர் ஓட்டுகிறவர்களுக்கு அருமையான விஷயம். ஆனால் ஐபோனுக்காகச் செய்தார்கள்! கிரேன்காரர்கள் போனிலேயே மட்டம் பார்க்கலாம். ஒரு உதவிக்குத்தான், வண்டியில் இருக்கும் மட்டக் குழாயை மறந்துவிட்டு போனை நம்பிச் சுமை தூக்கினால் கிரேன் மன்னிக்காது. பார் கணக்கை பி.எஸ்.ஐ.க்கு மாற்ற ஒரு ஆப். ஒரு பார் 14.5 பி.எஸ்.ஐ. என்று மனப்பாடம் செய்துகொண்டால் அதுவும் வேண்டாம்.

ஆனால் நம் மெக்கானிக்குகளுக்கு நிஜமாகவே உதவுகிற ஆப் எது தெரியுமா? வாட்ஸ்அப். டிஸ்ப்ளேயில் வந்த நம்பரைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். ‘அண்ணே, இந்த கோடு வருது, வண்டி பிக்கப் இல்ல.’ பத்து நிமிஷத்தில் சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். ‘தம்பி, மொதல்ல பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டிப் பாரு. அப்பவும் வந்துச்சுன்னா சென்சார் வயரை எலி கடிச்சிருக்கும், பாரு.’ சர்வீஸ் மேனுவல் பி.டி.எஃப். ஆகக் கைமாறி வரும். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனி சட்டப்படி அது திருட்டு. பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியைப் பிரித்துப் பார்க்கும் புத்தகத்தைத் திருடித்தான் படிக்க வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கியவர்களைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை.

கம்பெனிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். கண்டவர் கையில் சாஃப்ட்வேரைக் கொடுத்தால் புகைக் கட்டுப்பாட்டையே துண்டித்துவிடுவார்கள், பாதுகாப்புக்கு ஆபத்து என்பார்கள். துண்டிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. எஞ்சின் அமைப்பை மாற்றும் இடத்துக்குப் பூட்டுப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? மாற்றுவது வேறு, படிப்பது வேறு. நம்பருக்கு அர்த்தம் சொல்வதில் என்ன ஆபத்து? ஜுரம் எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டரில் பார்க்கக்கூட டாக்டர் அனுமதி வேண்டும் என்பது போல இருக்கிறது.

அமெரிக்க விவசாயிகள் இதை இப்படியே விடவில்லை. விவசாய இயந்திரங்களை யாரும் பழுது பார்க்க வழி செய்யும் சட்டத்தை 2023-ல் கொலராடோ மாநிலம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே ஜான் டீர் கம்பெனி மீது வழக்குப் போட்டது. முழு சாஃப்ட்வேரை டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களைக் கட்டிப்போடுகிறது என்பது புகார். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டது. டிசம்பரில் அதற்கு ஒரு இணையதளமும் வந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மண் அள்ளும் இயந்திரங்களுக்கென்று தனியாக ஓர் இடம் இல்லை. நாட்டில் ரோடு, மெட்ரோ, அணை எல்லாம் தானாகவே முளைக்கின்றன போலிருக்கிறது.

அரசாங்கமும் ஆப் விஷயத்தில் சும்மா இல்லை. 2023 மார்ச் 22 அன்று பிரதமர் ஒரு ஆப்பைத் தொடங்கி வைத்தார். பெயர் ‘கால் பிஃபோர் யு டிக்’. தோண்டுவதற்கு முன் கூப்பிடு. கண்டபடி தோண்டிக் கேபிளை அறுப்பதால் வருஷத்துக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசாங்கமே சொன்னது. எங்கே தோண்டப் போகிறோம் என்று பதிவு செய்தால், அந்த இடத்தில் கேபிளும் குழாயும் புதைத்தவர்களுக்குத் தகவல் போகும். நல்ல யோசனை. ஆனால் பதிவு செய்வது தோண்டும் நிறுவனம். அதாவது ஏதோ ஒரு ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் இருப்பவர். பக்கெட்டைத் தரையில் இறக்குகிறவருக்கு அந்தத் தகவல் வந்து சேர்ந்ததா? ‘இந்தா, இங்கே வெட்டு’ என்று சூப்பர்வைசர் காலால் கோடு கிழிப்பதுதான் அவருக்குக் கிடைக்கும் வரைபடம். கீழே ஹை டென்ஷன் கேபிள் இருந்தால் முதலில் தெரிந்துகொள்பவர் அவர்தான். உயிரோடு இருந்தால் பழியும் அவருக்குத்தான்.

அமெரிக்காவில் இதே வேலைக்கு 2007 முதல் நாடு முழுக்க ஒரே போன் நம்பர்: 811. சில நாள் முன்னால் கூப்பிட்டுச் சொன்னால் ஆள் வந்து தரையிலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் கேஸ், நீலம் என்றால் குடிநீர், ஆரஞ்சு என்றால் தொலைபேசிக் கேபிள், பச்சை என்றால் சாக்கடை. லாகின் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்தால் தெரியும்.

இங்கேயும் அப்படி மூன்று இலக்கத்தில் ஒரு நம்பர் கொடுங்கள். கூப்பிட்டால் தமிழில் பேச ஒரு ஆள் இருக்கட்டும். அந்த நம்பரை வண்டியின் பூம் மேலேயே பெரிதாக எழுதி வைக்கலாம். அங்கேதான் இப்போது ஓனருடைய பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறது. கொஞ்சம் தள்ளி எழுதினால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.