பிறர் காணியும் எமது விசுவாசமும்

காணியை இழந்தவருக்குத்தான் காணியின் அருமை தெரியும். நலன்புரி நிலையக் கொட்டில்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை. விட்டுவந்த கிணறும், வயல் வரம்பும், பாட்டன் நட்ட பனையும் எமது செபங்களில் இடம்பெறாத நாள் இல்லை. மடு ஆவணித் திருவிழாவில் முழந்தாளிடும்போதும் சொந்தக் காணிக்குத் திரும்பும் வரத்தையே பலர் கேட்கின்றனர்.

இச்செபம் நியாயமானது. ஆனால், இதைச் சொல்லும் நாம் இன்னொருவருடைய காணியை எவ்வாறு வைத்திருக்கின்றோம்? எமது விசுவாசம் உண்மையானதா என்று அளந்து பார்க்க, இன்று எம்மிடையே இதைவிட நேரான அளவுகோல் இல்லை என்பதே என் கருத்து.

கடதாசி சரி, கணக்குப் பிழை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, விசுவாசத்தை ஒருபுறமும் அன்றாட வாழ்வை மறுபுறமுமாகப் பிரித்து வைப்பதை இக்காலத்தின் பாரதூரமான தவறுகளுள் ஒன்றாகக் கணித்தது. இது அரசியல்வாதிகளுக்கும் பெரும் வியாபாரிகளுக்கும் மட்டும் சொல்லப்பட்டதென்று நாம் எண்ணக் கூடாது. ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை வேலிக் கதியாலை அயலவர் பக்கம் இரண்டு முழம் தள்ளி நடுபவரும் இரண்டு வாழ்வு வாழ்பவரே. காணி விடுவிப்புப் போராட்டத்தில் பதாகை பிடித்துவிட்டு, ஊரில் இல்லாத ஒருவரின் காணிக்குக் கள்ள உறுதி முடிக்கச் சாட்சிக் கையெழுத்து வைப்பவரும் அப்படியே.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் அரசன் பெற்ற வரலாறு அரசர்கள் முதல் நூலில் உள்ளது. அங்கே அரச முத்திரையிட்ட கடிதங்கள் இருந்தன. இரண்டு சாட்சிகள் இருந்தனர். ஊர்ப் பெரியோர் கூடி விசாரணையும் நடத்தினர். கடதாசியில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். தோட்டம் அரசனுக்குப் போனது. அந்தத் தோட்டத்திலேயே எலியா இறைவாக்கினர் வந்து கணக்குக் கேட்டார். அத்தோட்டத்தைப் பறிக்கும் திட்டம் அரசவையில் போடப்படவில்லை. அரசன் சாப்பிடாமல் கட்டிலில் முகம் திருப்பிப் படுத்திருந்த வேளையில், கணவன் மனைவிக்கிடையில் போடப்பட்டது. பொதுவாழ்வில் நடக்கும் அநீதி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் முளைக்கின்றது. இரவில் செபமாலை சொல்லி முடிந்தபின் அயலவரின் காணியைப் பற்றி எமது வீட்டில் என்ன பேசப்படுகின்றது? பிள்ளைகள் இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள்.

ஒரே திகதி, இரண்டு துயரங்கள்

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாள் ஒக்டோபர் 30. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேறி வருகையில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். இரண்டு மக்களும் விட்டுச் சென்றவை ஒன்றே: வீடு, காணி, கால்நடை, முதிசமாய் வந்த பொருட்கள். இரண்டாவது ஒக்டோபர் 30ஐ ஆண்டுதோறும் நினைவுகூரும் எம்மில் எத்தனை பேர் முதலாவதையும் நினைக்கின்றோம்?

2009இல் போர் முடிந்தபின் புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள், சில இடங்களில் தமது காணிகளைக் காடு மூடியிருக்கக் கண்டனர். சில இடங்களில் வேறு குடும்பங்கள் குடியிருக்கக் கண்டனர். அக்குடும்பங்களுள் எமது மக்களும் இருந்தனர். அதே முசலிப் பிரதேசத்தில், 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள், கடற்படை நிலைகொண்ட தமது ஊருக்காக 2017இல் போராடினர். முள்ளிக்குளத்தவருக்கு ஒரு நீதி, புத்தளத்திலிருந்து வந்தவருக்கு வேறொரு நீதி என்று நற்செய்தி சொல்லவில்லை.

தேவை வேறு, கவர்தல் வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஷெல்லுக்குத் தப்பி ஓடிவந்து, வெறுமையாய்க் கிடந்த வளவொன்றில் கூடாரம் அடித்த குடும்பம் களவு செய்யவில்லை. உயிர் காக்க வேறு வழியில்லாதபோது பிறர் பொருளைப் பயன்படுத்துவது களவாகாது என்பது திருச்சபையின் நெடுங்காலப் போதனை. ஆனால், தேவை முடிந்த பின்னும், உரிமையாளர் படலையில் வந்து நின்ற பின்னும், வளவை விட மறுத்தால் அது கவர்தலாகின்றது.

நாட்டுச் சட்டமும் இவ்விடயத்தில் முழுத் துணையாகாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் ஓடியவர்களுக்கு இது அநீதியாகும் என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்தது. ஆயினும், வழக்குப் பேசப் பணமில்லாத விதவைக்குச் சட்டப் புத்தகத்திலுள்ள ஏற்பாடு தானாக வந்து உதவுவதில்லை. நீதிமன்றத்தில் வெல்லலாம், கடவுள் முன்னிலையில் அந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடாதவர் உண்மையில் மனம் வருந்தவில்லை என்பது புனித அகுஸ்தீனாரின் போதனை.

உரிமையாளருக்கும் கடமை உண்டு. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த பல குடும்பங்கள் உறுதியில்லாத நிலத்தில் இரண்டு தலைமுறை உழைத்திருக்கின்றன. தனியார் சொத்தின்மீது சமூகத்துக்கும் ஒரு பற்று உண்டென்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதினார். வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு, பயிர் செய்யாத காணியிலிருந்து ஏழைக் குடும்பத்தை ஒரே நாளில் எழுப்ப நினைக்கும் கிறிஸ்தவரும் தம் மனச்சாட்சியைச் சோதிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பிறர் காணியில் இருக்கும் குடும்பம் அதை மறைக்காமல் கிராம அலுவலரிடமும், இயன்றால் உரிமையாளரிடமும் சொல்லட்டும். குத்தகையோ இலவச இருப்போ, எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, எல்லைக் கல்லையும் பழைய வேலியையும் கிணற்றையும் இருந்தபடியே பேணுவோம். தறிக்கப்பட்ட பனைக்கும் அறுத்த விளைச்சலுக்கும் நியாயமான பங்கைப் பேசித் தீர்ப்போம்.

மூன்றாவது, பொய் உறுதிக்குச் சாட்சி வைக்காதிருப்போம். நொத்தாரிசு கேட்டாலும், சொந்தச் சகோதரன் கேட்டாலும் மறுப்போம்.

நான்காவது, பங்குச் சபைகள் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கோயில் பரிபாலன சபையையும் அழைத்துக் காணிப் பிணக்குகளை ஊரிலேயே பேசித் தீர்க்க முன்வர வேண்டும். வேறு இடமில்லாத குடும்பத்தை வீதியில் விடாமல், அதற்கு மாற்றுக் காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்குச் செல்வதும் அச்சபைகளின் வேலையே.

“எமது காணியை எமக்குத் தராதவர்கள் இருக்க, நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கக்கூடும். எம்மில் சிலரின் பிழையைக் காட்டி, மக்களின் காணியைப் படையினர் வைத்திருப்பதை எவரும் நியாயப்படுத்த முடியாது. அக்கோரிக்கை எப்போதும் நீதியானது. ஆனால், பிறரின் காணியைக் கொடுத்துவிட்டுத் தன் காணியைக் கேட்பவரின் குரலை எவராலும் இலகுவில் தட்டிக்கழிக்க முடியாது.

சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்ன பின்னரே, மீட்பு வந்ததென்று இயேசு அறிவித்தார். அவர் சொன்னது சக்கேயுவின் வீட்டைக் குறித்து. பகிரங்கத்தில் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது வீட்டுக்குள் மீட்பு வந்தது. இந்தக் காலபோகத்துக்கு ஏர் பூட்டுமுன், நாம் உழப்போகும் நிலம் யாருடையது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் ஒன்றாக இருந்து பேசட்டும்.