மினி காரும் ரப்பரும்



பழைய மினி காரை வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை நம் இளைஞர்கள் பலருக்கு உண்டு. வாங்கிய மறுவாரமே, "வண்டியைத் தரையோடு தரையாக இறக்கணும்" என்று பட்டறைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். பெற்றோரே, பிள்ளைகளே, அதற்கு முன் இதைச் சற்றுப் படியுங்கள்.

1959-இல் வெளிவந்த மினியை வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். மற்றக் கார்களில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதில் இருப்பது ரப்பர்! அலெக்ஸ் மோல்டன் என்பவர் உருவாக்கிய ரப்பர் கூம்புகளே வண்டியைத் தாங்குகின்றன. அவருடைய கொள்ளுத்தாத்தா 1848-இல் இங்கிலாந்தில் ரப்பர் ஆலை தொடங்கியவர். விடியுமுன் எழுந்து பால் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டுமா? நாளானால் அது இறுகும், சுமையில் அமுங்கும். பழைய மினி ஒரு பக்கம் சாய்ந்தோ, தாழ்ந்தோ நின்றால் முதலில் கூம்பைத்தான் பார்க்க வேண்டும். கிழடு தட்டிய கூம்பை வைத்துக்கொண்டு உயரத்தைத் திருத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போலாகும்.

ஒவ்வொரு கூம்பிலும் குழல் வடிவான ஓர் அலுமினியத் துண்டு பொருந்தியிருக்கும். அதன் நீளம் மாறினால் வண்டியின் உயரமும் மாறும். அதை எடுத்துவிட்டு, திருகி நீட்டவும் குறைக்கவும் கூடிய 'ஹை-லோ' என்னும் துண்டைப் பூட்டுகிறார்கள். இங்கே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. முன்பக்கத்தில் 1 மில்லிமீட்டர் திருகினால் வண்டி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். பின்பக்கத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஆகவே, சிறுகச் சிறுகத் திருகுங்கள்.

செய்யும் முறை இதுதான். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுமை நீங்கிய பிறகே திருகுங்கள். பிறகு சிறிது தூரம் ஓட்டி, ரப்பர் படிந்தபின் மீண்டும் அளங்கள். புதுக் கூம்பு சில வாரங்களில் இன்னும் சற்று அமுங்கும். முடிவில் சக்கரங்களின் நேர்கோட்டையும் முன்விளக்கின் ஒளியையும் சரிபார்க்க வேண்டும்.

அன்பர்களே, ஓர் எச்சரிக்கை! முன்பக்கக் கூம்பைக் கழற்ற, அதை அழுத்திப் பிடிக்கும் தனிக்கருவி தேவை. சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் கூம்பின் அழுத்தம் முழுவதும் இறங்கியதாக எண்ணிவிடக் கூடாது. கருவியின்றிக் கழற்றினால் கையோ முகமோ போய்விடும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் வேண்டாம். உறுதியான தாங்கிகளை வையுங்கள். 1964-க்குப் பின் சில ஆண்டுகள் வந்த மினிகளில் ரப்பருடன் நீரழுத்த முறையும் உண்டு. அதற்கு வேலை வேறு. தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

எவ்வளவு இறக்கலாம்? அளவு மீறினால் டயர் மட்கார்டில் உரசும். புகைக்குழாய் கல்லில் இடிக்கும். ஷாக் அப்சார்பர் வேலை செய்ய இடமிருக்காது. நகரத்துத் தார்ச்சாலைக்குப் பொருந்தும் உயரம், மழையில் குழி விழுந்த செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்குப் பொருந்தாது. வெறும் வண்டியில் அளந்ததோடு நிற்காமல், வீட்டார் நால்வரை ஏற்றியும் ஒருமுறை அளந்து பாருங்கள். மாற்றங்களுக்கு ஜே.பி.ஜே. விதி என்ன சொல்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

தம்பிமார்களே, வண்டி தாழ்ந்து நிற்பது பார்ப்பவர் கண்ணுக்கு அழகு. அம்மாவும் தங்கையும் பின்னிருக்கையில் பயமின்றி அமர்ந்து வீடு வந்து சேர்வதே உண்மையான அழகு. காசு கொஞ்சமாக இருந்தால் நல்ல கூம்புக்கு முதலில் செலவழியுங்கள். அழகு பிறகு வரட்டும்.