பென்சிலைப் பிடுங்குங்கள், புளியங்கொட்டையைக் கொடுங்கள்!

செமஸ்டர் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு மூன்றரை வயது. இந்த வருடம்தான் எல்.கே.ஜி. ராத்திரி எட்டரை மணிக்கு நாலு கோடு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க 'இ' எழுத வேண்டுமாம். பென்சிலை ஐந்து விரலாலும் உலக்கை மாதிரிப் பிடித்திருந்தாள். பத்தாவது 'இ' வரும்போது பென்சிலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கை வலிக்குது சித்தி."

முதுகில் ஒன்று விழுந்தது. அக்கா கொடுமைக்காரி இல்லை. மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ஏதாவது எழுதி வருமே என்ற பயம், அவ்வளவுதான். அந்த பயத்தைக் கிளப்பியவர்களோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். நம் மணிக்கட்டில் 8 சின்னச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. அதன்பிறகு ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடித்து, கை அசையாமல் விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் பக்குவம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள்தான் வரும். மூன்று வயதில் ஒரு வட்டத்தைப் பார்த்து வரையலாம். கூட்டல் குறி போட நாலு வயது. முக்கோணத்துக்கு ஏறக்குறைய ஐந்து வயது. முக்கோணமே வராத குழந்தையிடம் 'இ' எழுதச் சொல்கிறோம்! அந்த எழுத்தில் எத்தனை வளைவு, எத்தனை சுழி என்று நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பார்கள். நம் முன்னோர்கள் ஐந்தில் என்றுதான் சொன்னார்கள். மூன்றில் என்று சொல்லவில்லையே! நம் தாத்தா காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பழகினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான் கைக்கு வரும். விரல் முதலில், கருவி பிறகு. இந்த வரிசையைத்தான் நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையிலும் இதே வரிசைதான். முதலில் பட்டன் போடுதல், தண்ணீர் ஊற்றுதல், குமிழ் வைத்த கட்டைகளை மூன்று விரலால் தூக்கி வைத்தல். அப்புறம் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுதல். எழுதுவது அதன்பிறகுதான். இன்று அவர் பெயரைப் போர்டில் போட்டுக்கொண்டு, உள்ளே நாலு கோடு நோட்டு விற்கும் பள்ளிகளை என்ன சொல்வது?

சரி, எழுதாமல் என்னதான் செய்வது? இதற்கென்று பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான் விற்கிறார்கள். ஒன்றும் வாங்காதீர்கள். அடுப்படியிலேயே எல்லாம் இருக்கிறது.

சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். உருட்டட்டும், தட்டட்டும், பாம்பு செய்யட்டும். உள்ளங்கைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பச்சைப் பட்டாணி, மொச்சை உரிக்கச் சொல்லுங்கள். துணி காயப்போடும்போது கிளிப்பை அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து ஒவ்வொரு பொட்டாக உரித்து ஒட்டட்டும். பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டட்டும். சட்டைப் பட்டனைத் தானே போடட்டும். பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

பல்லாங்குழியை யோசித்துப் பாருங்கள். கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளி, மீதியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, குழிக்கு ஒன்றாக விரல் நுனியால் போடுவது சாதாரண வேலையா? கணக்கு தெரியாவிட்டாலும் போகட்டும், போட்டு விளையாடட்டும். (வாயில் போடும் வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் கொட்டை, மணி எதையும் கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.)

"இதெல்லாம் சரிம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ டு இஸட் எழுதுதே" என்றாள் அக்கா. எழுதட்டும். அது பயந்து எழுதுகிறதா, பிடித்து எழுதுகிறதா என்று யாராவது கேட்டார்களா? ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. அப்படியிருக்க எல்.கே.ஜி. குழந்தைக்கு எதற்கு? ஒரு பெற்றோர் தனியாகப் போய்க் கேட்டால் "அப்போ வேற ஸ்கூல் பாருங்க" என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் இதைக் கேளுங்கள்.

மறுநாள் காலையில் வாசலில் அக்கா கோலம் போட உட்கார்ந்தாள். குட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து மாவை எடுத்துப் புள்ளி வைத்தாள். வரிசை கோணல்தான். ஆனால் மாவை எப்படிப் பிடித்திருந்தாள் தெரியுமா? கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல்! அடித்து வரவழைக்கப் பார்த்த அதே பிடி, கேட்காமலே வந்திருந்தது. நாற்பது ஐம்பது புள்ளி வைத்திருப்பாள். கை வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பையன்களையும் வாசலுக்கு அனுப்புங்கள். அவர்களுக்கும் விரல்கள் பத்துதான்.